பவளத்தின் குசினியில் தேங்காய்ப்பால்

புலம்பெயர்ந்து வந்த நார்த்மீட்டில் பவளத்தின் குசினிக்குள் தேங்காய் நுழையாமல் பதினொரு வருடங்களாகியிருந்தன. கணவர் வரதராஜாவின் இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்த கிழமையே, இருந்த தேங்காயெல்லாம் குப்பைக்குப் போயிற்று. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி, ஆடை நீக்கிய பசுப்பாலில் கொதித்தது. கலியாண வீடுகளில் வடையை எடுக்குமுன் வரதராஜா ஒருமுறை அவள் முகத்தைப் பார்ப்பார்.

"அம்மான்ர குசினியிலை தேங்காய்க்கு விசா இல்லை" என்று வெரிபீயில் இருக்கும் மகள் மிருணாளினி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். பவளத்துக்கு அதில் உள்ளூரப் பெருமை. முதியோர் இல்லமொன்றில் இருபது வருடம் துணி துவைத்து ஓய்ந்தவள். வாழ்க்கையில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், இந்த மனிசனை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

எழுபத்தொன்பதாவது வயதில் அவருடைய இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வு வைக்கலாம் என்றார்கள். அதற்காக எடுத்த ஸ்கானை டொக்டர் திரையில் காட்டினார். வயிற்றைக் குறுக்காக அரிந்து வைத்தது போன்ற படம். தோலுக்குக் கீழே கருஞ்சாம்பல் வளையமாகத் தெரிவதுதான் கொழுப்பாம். அவருக்கு அது பென்சில் கோடளவே இருந்தது. தசையும் வற்றியிருந்தது.

இந்த வயதில் உடம்பில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும், நன்றாக மெலிந்தவர்கள் பலர் வால்வு வைத்த பிறகு தேறி எழும்பச் சிரமப்படுகிறார்கள் என்றார் டொக்டர். ஆறு கிழமை பார்ப்போம், எடை இன்னும் இறங்கினால் வால்வு வைப்பதையே திரும்ப யோசிக்க வேண்டிவரும். முட்டை, மீன், பருப்பு கூடுதலாகக் கொடுங்கள். தேங்காய்ப்பாலுக்கும் தடையில்லை.

டொக்டரைப் பார்த்துவிட்டுப் பரமட்டாவிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கோடு பவளத்தின் கண்ணைவிட்டுப் போகவில்லை. தன் கையே அதைக் கீறியது போலிருந்தது.

அன்று தேங்காய் வாங்கி, முதற்பால் விட்டு மீன் சொதி வைத்தாள். வரதராஜா ஒரு வாய் வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார்.

"இது எனக்குக் கூடாதெல்லே."

மூன்று நாளும் இதே கதைதான். முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்கினார். அவள் ஏசிப் பார்த்தாள். அவர் கை கழுவப் போய்விட்டார்.

நாலாம் நாள், எப்போதும் அவர் சாப்பிட்டு எழும்பிய பிறகு சாப்பிடுபவள், பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் கோப்பையிலும் சொதியை விட்டாள். அவளும் பதினொரு வருடமாகத் தொடாத தேங்காய்ப்பால் சொதி.

"உங்களை நான்தான் இப்பிடி வத்த வைச்சிட்டன்" என்றாள், சோற்றைப் பார்த்தபடி.

அவர் சோற்றை விரலால் ஒதுக்கினார். "நீ பயந்தனி. உன்னைப் பாத்து நானும் பயந்தனான். அவ்வளவுதான்."

"எனக்கு இப்பவும் பயம்தான். ஆனா இப்ப நீங்கள் சாப்பிடாட்டித்தான் பயம்."

வரதராஜா சொதிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

ஆறாம் கிழமை தராசு ஒன்றரைக் கிலோ கூடக் காட்டியது. ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது. தேங்காய்க்கு விசா கிடைத்துவிட்டதாமே என்று மிருணாளினி போனில் சிரித்தாள்.

"தற்காலிக விசாதான். முதல்ல கொப்பர் வால்வோட வீட்டை வரட்டும்" என்றாள் பவளம், கணவரைப் பார்த்தபடி.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வந்த வெள்ளிக்கிழமை கோயிலில் வடை கொடுத்தார்கள். வரதராஜா ஒன்றை எடுத்துக் கடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பவளம்தான் அவர் மென்று விழுங்கும் வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.