கோரை அல்லாத கோரை

எங்கள் தொழிற்பேட்டையின் பின்மதிலை ஒட்டி ஒரு தாங்கல் இருக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம்தான். லாரி டிரைவர்கள் முகம் கழுவுவார்கள், எருமைகள் படுத்துக் கிடக்கும். ஷிஃப்ட் முடிந்து அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் எனக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரும்.

போன மழைக்காலத்தில் அதன் ஓரத்தில் செடி தேடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி ஆசிரியை, என்னைக் கூப்பிட்டு, புல்போல அடர்ந்து நின்ற ஒரு குத்தைக் காட்டினார். கோரைதானே என்றேன்.

"கோரைன்னா தண்டு மூணு பட்டையா இருக்குங்க. இதை உருட்டிப் பாருங்க."

வழவழவென்று உருண்டது. இந்தப் பக்கம் அற்றே போய்விட்டதாக நினைத்த இனமாக இருக்கலாமாம். விதை முற்றினால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். இருப்பதோ அந்த ஒரே குத்து. "பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிப்போனேன். அவள் நெல் பயிரிடுகிற வீட்டுப் பெண். குத்தைக் கைகாட்டிவிட்டு, வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுத் திரும்புகிறேன், அது வேரோடு அவள் கையில் தொங்குகிறது.

"இன்னா பண்ணிட்ட நீ?"

"கோரைங்க. களையைப் பாத்தா கை சும்மா இருக்குமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் கொஞ்ச நேரம்தான். "வேர் அறுந்தாதான் போச்சு. நான் புடுங்கினா அறுவாது" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். குத்தைப் பிரித்துப் பிரித்து ஊன்றினாள்.

முதலில் எல்லாம் மஞ்சளடித்தது. நான் வீட்டில் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு காலை, ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை முனை. சந்தோஷத்தில் கேட் செக்யூரிட்டிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்டுக்கொண்டே குடித்தார்.

விதை முற்றியதும் ஆசிரியை வந்தார். நானும் மனைவியும் பக்கத்தில் குனிந்து நின்றோம். லென்ஸ் வைத்துப் பார்த்து, "அதேதாங்க" என்று சிரித்தார். எழுந்து கரையில் நின்று பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஒரு குத்துதானே இருந்துச்சு? தானா முளைக்கிறது இப்படி நூல் பிடிச்ச மாதிரி வராதே."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "கோணலா நட்டா எங்கம்மா ஊட்ல சோறு போட மாட்டாங்க மேடம்."