பொறுக்கிய கடலை

“டீச்சர், கொண்டுவந்த கடலையைப் பொறுக்கினீங்களா?” என்று மும்தாஜ் ஒருமுறை என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அது பொய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டே பதினான்கு ஆண்டுகள் அவருடன் காலை நடை போயிருக்கிறேன்.

சென்ற வாரம் மயிலாப்பூரில் ஒரு மளிகைக் கடையில், கடலை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு நின்றிருந்தேன். “இன்னாம்மா, கடலைக்கு ஜாதகம் பாத்துக்கினு கீறே?” என்று கடைக்காரர் கேலி செய்யும்போதே கைபேசி அடித்தது. மும்தாஜின் மகன். “அம்மா மௌத்தாயிட்டாங்க, டீச்சர். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம்.” அவர் இறந்த செய்தியோடு, எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன். கையில் ஒட்டிய கடலைத் தூசியைக் கூடத் தட்டத் தோன்றவில்லை.

அபிராமபுரத்தில் நம் குடியிருப்பில் உள்ள உங்களுக்கு அவர் இரண்டாம் மாடி மும்தாஜ் மேடம். அரசு உணவு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உணவில் பூஞ்சை நஞ்சு இவ்வளவு வரை இருக்கலாம் என்று அரசு வரம்பு வைத்திருப்பதைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, முதல் மாடி மாமா கொதித்துப்போய் வந்தார்.

“என்ன மேடம், விஷத்துக்கு கவர்மென்டே பர்மிஷன் கொடுத்திருக்காமே? ஆத்துல நாங்க என்னத்தைச் சாப்பிடறது?”

“மண்ணுல விளையறது கொஞ்சம் மண்ணோடதான் வரும், மாமா. பூஜ்யம்தான் வேணும்னா பட்டினிதான் கிடக்கணும். இதைத் தாண்டினா விடமாட்டேன்னு போட்ட கோடு அது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் அமிர்தம்னு யாரு சொன்னா?”

மாமா அதற்குப் பிறகு டீயை மட்டும் குடித்தார்.

நான் சொல்ல வந்தது வேறு. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அடையாறில் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் சுண்டல் கொடுப்போம். தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு மாணவியின் தந்தை, அன்போடு இரண்டு மூட்டை வேர்க்கடலை அனுப்பினார். பிரித்தால் லேசாக மக்கிய வாடை. வேண்டாமென்றால் அவர் மனம் நோகும். பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் பயம். பூஞ்சை நஞ்சு வேகவைத்தாலும் போகாது என்று பாடம் நடத்தியவளே நான்தான். சோதிக்கக் கேட்டுக் கடிதம் எழுதி, ஒரு கிலோவை மும்தாஜ் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனேன்.

போவதற்கு முன் அதை முறத்தில் போட்டுப் புடைத்து, சுருங்கியதையும் கறுத்ததையும் பொறுக்கி எறிந்தேன். ஏமாற்றும் எண்ணமே இல்லை. நாலு பேர் பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோகும் பொருளைச் சுத்தம் செய்யாமல் எப்படிக் கொடுப்பது? காய்ச்சல்காரப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருந்தவர்களின் நெற்றியைத் தொட்டு, வகுப்பில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று எழுதியதைப் போன்ற காரியம் அது.

வரம்புக்கு வெகு கீழே என்று முடிவு வந்தது. தாளை நீட்டியபடிதான் மும்தாஜ் அந்தக் கேள்வியைக் கேட்டார். அறிவியல் ஆசிரியையான நான் எப்படி ஆமாம் என்று சொல்வேன்? “சரி” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, கடலையை ஊறவைக்கலாமா என்று ஆயா மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும் “இருங்க” என்றேன். உட்கார முடியவில்லை. கரும்பலகையில் பாதி எழுதி அழித்தேன். அப்போது வாசலில் மும்தாஜ். கையில் குத்தூசி, மூட்டையைக் குத்தி உள்ளிருப்பதை எடுக்கும் கூரான இரும்புக் குழாய்.

“லீவு போட்டுட்டு வந்திருக்கேன். மூட்டை எங்க?”

“ரிசல்ட்தான் நல்லா வந்துடுச்சே…”

“நல்ல பிள்ளைங்க முன் பெஞ்சுலதான் உக்காரும், டீச்சர். நான் கடைசி பெஞ்சைப் பாக்க வந்தேன்.”

அடியில், நடுவில், ஓரத்தில் என்று இரண்டு மூட்டைகளிலும் குத்தி எடுத்தார். இம்முறை முடிவு வரம்பைத் தாண்டியிருந்தது. தாளைப் பார்த்த அந்தத் தந்தை மனம் நோகவில்லை, பதறிப்போனார். மூட்டைகளைத் தானே எடுத்துப்போய் அழித்தார். முதல் முடிவு எப்படி நல்லதாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மும்தாஜும் கேட்கவில்லை.

சென்ற மாதம் மருத்துவமனையில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து தொடங்கினேன். “மும்தாஜ், அந்தக் கடலை விஷயம்…”

“எந்தக் கடலை, டீச்சர்?” என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

மறந்துவிட்டாரா, கடைசி வரை என்னைக் காப்பாற்றினாரா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன்: பொறுக்கினேன், மும்தாஜ்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எதிலும் அடிவரை கையை விட்டுப் பார்க்கும் பழக்கம். நீங்களும் நாளைக்குக் கடலை டப்பாவின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பி, ஒன்றைக்கூடப் பொறுக்குவதற்கு முன் நன்றாகப் பாருங்கள்.