தையல்காரியின் தலையணை ஜெபமாலை

வேறு யார் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் தையல்காரிக்குப் பொறாமை கிடையாது. "அவ கை அவளுக்கு" என்று விட்டுவிடுவாள். ஆனால் மாதா கோயில் பக்கத்து அறையில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் நடத்தும் ஜெபமாலை வகுப்பைப் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடக் கூடாது.

ஜெபமாலைகளை அவளே செய்தாள். பத்துப் பத்தாக வரும் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்துக்குச் சட்டைப் பொத்தான். 'விண்ணகத் தந்தையே'வுக்குக் கோட்டுப் பொத்தான். வாசிக்கத் தெரியாத வாண்டுகூட விரலால் தடவியே அடுத்து எந்த ஜெபம் என்று கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் ஓரகத்தி வந்தாள். கொழுந்தனின் மனைவி, ரொட்டிக்கடையில் வேலை. அவர்கள் வீட்டு மாடியிலேயே குடியேறியவள், வந்த கையோடு ஞாயிறு சாயங்கால ஜெபமாலை வகுப்பை ஏற்றுக்கொண்டாள். கடையில் மிஞ்சிய முட்டை அட்டைகளைக் கிண்ணம் கிண்ணமாக வெட்டி, சாயம் பூசி, கொடிக்கயிற்றில் கோத்து, அறை நீளத்துக்கு ஒரு ஜெபமாலை செய்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு மணியைப் பிடித்துக்கொண்டு முறைவைத்து ஜெபம் சொன்னார்கள்.

"அம்மா, நான் சித்தி கிளாஸுக்குப் போறேன்," என்றாள் தையல்காரியின் மகள்.

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"அங்க மணியெல்லாம் பெருசும்மா."

"பெருசா இருந்தா மாதாவுக்கு நல்லாக் கேக்குமாக்கும்!"

மகள் கொஞ்சம் யோசித்தாள். "கேக்கும்."

அன்றைக்குப் பற்றிக்கொண்ட வயிறு அணையவே இல்லை. போதாக்குறைக்குப் பங்குத்தந்தை ஒரு குண்டைப் போட்டார். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் இரண்டு வகுப்பும் ஒன்றாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடத்திக் காட்ட வேண்டும். ஒருத்தியிடம்தான் ஒப்படைப்பார்.

தையல்காரி வெட்டுத்துணிகளையெல்லாம் திணித்துக் குட்டித் தலையணைகளாகத் தைக்க ஆரம்பித்தாள். தலையணைக்கு ஒரு ஜெபம், பத்துக்கு ஒரு நிறம். பிள்ளைகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும்.

"இது ஜெபமாலையா, மெத்தைக்கடையா?" என்றார் கணவர்.

"உங்க தம்பி பொண்டாட்டி செஞ்சா மட்டும் அதிசயமா?"



ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தியின் முறை முதலில் நன்றாகவே முடிந்தது. ரொம்ப நன்றாக. பங்குத்தந்தை கைதட்டியதைத் தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அடுத்து இவள் தலையணைகளை வட்டமாகப் பரப்பினாள். பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். தாவலும் ஜெபமுமாக நாலு பத்து தாண்டியபோதுதான் அவள் கண் கடைசிப் பத்தின் நீலத் தலையணைகளில் விழுந்தது. பன்னிரண்டு! பொத்தானும் பையும் டஜன் கணக்கிலேயே பழகிய கை, கடைசி நேர அவசரத்தில் அதையும் டஜனாகவே வெட்டியிருக்கிறது. பத்துப் பத்தாக எண்ணச் சொல்லித்தரும் டீச்சருக்கே பத்து தெரியவில்லை!

ஓரகத்தி எழுந்து வந்தாள். போச்சு, மானம் கப்பலேறப் போகிறது. அவளோ கடைசி நீலத் தலையணைகள் இரண்டைச் சத்தமில்லாமல் சுவரோரம் இழுத்துப்போட்டு, ஒன்றில் உட்கார்ந்தாள்.

"வாங்கக்கா, எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

பிள்ளைகள் பத்தோடு முடித்தார்கள். பங்குத்தந்தை வகுப்பைத் தையல்காரியிடமே கொடுத்தார். ஓரகத்திதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

வெளியே வந்ததும் தையல்காரி கேட்டாள். "தெரிஞ்சுதானே இழுத்துப்போட்டே?"

"கால் வலிச்சுதுக்கா."

"பொய் சொல்லாதே!"

"சரி, எண்ணினேன். ஜெபம் நடக்கும்போது உங்களை மாட்டிவிடச் சொல்றீங்களா?"

தையல்காரிக்கு அதுதான் தாங்கவில்லை. ஓரகத்தி இப்படித் தப்புப் பண்ணி, அது தன் கண்ணில் பட்டிருந்தால் முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பாள். பெரிய மனசிலும் இவளே முந்திக்கொள்வதா?

"ஞாயித்துக்கிழமை இனிமே சும்மாத்தானே இருப்பே?" என்றாள் கடுப்பாக. "உன் முட்டை அட்டையை எடுத்துக்கிட்டு வந்து தொலை. பாதிப் பிள்ளைங்களை நீ பாரு."

"எந்தப் பாதிக்கா?"

"என் மக இல்லாத பாதி!"

ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குள் மகள் ஓடிவந்து சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.