கன்னடம் பேசவைத்த டிவி கேம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாங்கள் குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்குக் குடிவந்தோம். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியில், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த ஷீட் வீடுகளில் ஒன்று எங்களுடையது. என் கணவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார், நான் கார்மென்ட்ஸில் காலர் தைத்தேன். எங்களுக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் இருந்த கன்னடப் பள்ளியில் சேர்த்திருந்தோம்.

என் வாயைப் பற்றி நானே சொல்லக்கூடாது. பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் கண்டக்டரின் குடும்பக் கதை வரை கேட்டு வந்துவிடுவேன். என் மகளும் ஊரில் அப்படித்தான் இருந்தாள். இங்கே வந்த முதல் வாரத்தில் பள்ளியில் ஏதோ பேசப்போக, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று மூடிய வாய்தான். மிஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாளாம். தண்ணீர் குடிக்கப் போகவேண்டும் என்றாலும் கேட்கமாட்டாளாம். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். வீட்டில் என்னிடம் நன்றாகப் பேசுகிற பிள்ளை வாசலைத் தாண்டினால் ஊமையாகிவிடும்.

மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நோடம்மா, உங்க பாப்பா எழுதறா, பேசறதில்லை. பரீட்சையில வாய்ல பதில் சொல்லணும். சொல்லலைன்னா நான் ஏனு மாடோது, என்ன செய்யறது? அதே கிளாஸ்லதான் உக்காரணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கணவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். "பேசாம அக்கா வீட்டுல விட்டுடலாம். குடியாத்தத்துலயே தமிழ்ல படிக்கட்டும். புள்ளையப் போட்டு எதுக்கு வதைக்கிற?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் பெற்ற பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு நான் இங்கே யாருக்குக் காலர் தைக்கவேண்டும்? பரீட்சை வரை பொறுங்கள் என்று மல்லுக்கட்டி அவகாசம் வாங்கினேன்.

காம்பவுண்டின் முன்வீடு ஓனருடையது. கன்னடக்காரர்கள். ஓனர் அக்காவின் மகளுக்கு அவள் மாமா டிவியில் மாட்டி ஆடுகிற கேம் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். மஞ்சள் கேசட்டைச் செருகினால், தொப்பி போட்ட குட்டி ஆள் ஒருவன் ஓடுவான், குதிப்பான், குழியில் விழுந்து சாவான். எதிர் மெத்தைக் கடை பாயின் இரண்டு பிள்ளைகளும் சாயங்காலம் ஆனால் அங்கேதான். நான் வேலை முடிந்து வரும்வரை என் மகளும் அங்கே இருப்பாள். எனக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. கண்ணும் கெடும், படிப்பும் கெடும் என்று கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல்தான் அங்கே விட்டேன்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு உயிர் போனால் பக்கத்துப் பிள்ளையின் கைக்கு மாறிவிடும். காத்திருக்கிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், இப்படிப் போ, அப்படிக் குதி என்று கத்துவார்கள். என் மகள் மட்டும் சத்தமில்லாமல் ஆடி, சத்தமில்லாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவாள் என்று ஓனர் அக்கா சொல்லியிருந்தார்.

ஒருநாள் வேலை விட்டு வருகிறேன். முன்வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. "ஹாரு, ஹாரு! அய்யோ, ஈக பேடா! நில்லு! ஈக ஹாரு!" குதி, இப்போது வேண்டாம், நில் என்று கன்னடத்தில் யாரோ விரட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நொடி அதே குரல், நில், முன்னே போகாதே என்று பாய் பையனிடம் அவன் வீட்டு உருதுவில் திரும்பியது. "ருக் ரே! ஆகே நக்கோ ஜா!"

அது என் மகளின் குரல்.

ஒரு செருப்பைக் கழற்றிய காலோடு அப்படியே நின்றேன். கன்னடம் எப்போது வந்தது? பாய் வீட்டு பாஷை எப்போது வந்தது? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஜன்னல் வழியாகப் பார்த்தால், முட்டிபோட்டு நிமிர்ந்து நின்றுகொண்டு, கைகளை வீசி, எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று பெரிய ஆபீசர் மாதிரி உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாள். மற்ற மூவரும் அவள் சொல்படி கேட்கிறார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அந்த ஆட்டத்தின் வழியையும் அவர்கள் பேச்சையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறாள். தலையை நீட்டினால் எங்கே மறுபடி வாயை மூடிவிடுவாளோ என்று, உள்ளே போகாமல் சுவரோரம் நின்று அழுதேன்.

பரீட்சையன்று நானும் பள்ளிக்குப் போய் வராந்தாவில் நின்றேன். மிஸ் ஒரு சந்தைப் படத்தைக் காட்டி இதில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். என் மகள் தரையைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், "மிஸ், ஆ டிவி கேம் கேளி மிஸ்" என்று, அந்த கேமைப் பற்றிக் கேட்கச் சொல்லி வாசலிலிருந்தே கெஞ்சினேன். மிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் நல்ல மனுஷி. சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, அது என்ன கேம், எனக்கு ஆடத் தெரியாதே என்றார்.

என் மகள் சாக்பீஸை விரலுக்குள் உருட்டினாள். பிறகு போர்டில் ஒரு கோடு, ஒரு படி, ஒரு பள்ளம். "இல்லி ஹள்ள இதே" என்றாள், காற்றைப் போல. இங்கே பள்ளம் இருக்கிறதாம். மிஸ் வேண்டுமென்றே சாக்பீஸை வாங்கிப் பள்ளத்துக்குள் கோடு இழுத்தார். "மிஸ், பேடா! நீவு இல்லி ஹாரபேக்கு!" என்று என் மகள் கத்தினாள். அங்கே குதித்துத் தாண்டவேண்டுமாம். வகுப்பே சிரித்தது. இந்தமுறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மிஸ் பாஸ் போட்டார், குடியாத்தம் பேச்சும் நின்றது. கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம். என் கணவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறையில் போனஸ் கொடுத்ததும், அதேபோல ஒரு கேம் பெட்டியையும், அதே குட்டி ஆள் வேறு வழியில் ஓடுகிற புதுக் கேசட்டையும் கையோடு வாங்கி வந்துவிட்டார். "இனிமே எம்புள்ள எதுக்கு அடுத்த வீட்டுல போயி உக்காரணும்?" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளி விட்டதும் ஓடி வருவாள், டிவியில் வெளிச்சம் விழுகிறது என்று கதவைச் சாத்துவாள். ஒரு உயிர் போனால் அடுத்த உயிரும் அவளுக்கே. ஓனர் மகள் வந்து, "பாரே, ஆடோண" என்று விளையாடக் கூப்பிட்டால் பதில் இருக்காது. சோறு ஊட்டினால் வாய் திறக்கும், பேசினால் திறக்காது. எது கேட்டாலும் "ம்". கண் சிவந்து நீர் வடியும். ஓடுகிற ஆள் செத்தால் தலையணையை எடுத்து டிவியை அடிப்பாள். ஊருக்கு முன் வாய் மூடியிருந்த பிள்ளை, இப்போது என்னிடமும் மூடிக்கொண்டது. கொஞ்ச நாளில் மிஸ் வழியில் பார்த்து, "மத்தே ஷுரு ஆயிதம்மா" என்றார். மறுபடி ஆரம்பித்துவிட்டதாம்.

அதே மாதிரிப் பெட்டி, அதே குட்டி ஆள், அதே மாதிரிக் குழி. வாயைத் திறந்ததும் இதுதான், இப்போது பூட்டுவதும் இதுதான்.

அன்றே வயரைப் பிடுங்கினேன். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வீட்டுக்கு நடந்தேன். மகள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, காம்பவுண்டே வேடிக்கை பார்க்க அழுதுகொண்டு வந்தாள். "அக்கா, இதுவும் இங்கயே இருக்கட்டும். எங்க வீட்டு கேசட்டும் எல்லாருக்கும்தான்" என்றேன். ஓனர் அக்கா அலமாரியில் இடம் ஒதுக்கினார்.

பிள்ளைகள் கூடினார்கள். புதுக் கேசட் போட்டார்கள். என் மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கேசட்டின் வழி அங்கே யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும்தான் தெரியும். பாயின் சின்னப் பையன் தப்பான பாதையில் போய்க்கொண்டே இருந்தான். அவள் ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தாள். இன்னொருமுறை முழுதாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அரே, உதர் நக்கோ!", அந்தப் பக்கம் வேண்டாம் என்று வந்ததே ஒரு சத்தம், நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகள் இன்று போனில் பேசுவதையே வேலையாகச் செய்து சம்பளம் வாங்குகிறாள். பிள்ளைகளுக்கு வீடியோ கேம் நல்லதா கெட்டதா என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், எனக்குப் பெட்டியும் கேசட்டும் ஞாபகம் வருவதில்லை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் "குதி, குதி" என்று கத்த யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றுதான் இன்றும் என் கண் தேடுகிறது.