தோற்றவர் கையெழுத்து

சாலை என்ற கடைத்தெருவில் பெயிண்டும் ஆணியும் விற்கிறவன் நான். என் மனைவி அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் பேராசிரியை. எங்கள் கல்யாணத்தன்று இரண்டு வீட்டாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கோ அன்றிலிருந்து இன்றுவரை அவளைப் பற்றிப் பெருமைதான். அதை அவளிடம் மட்டும் வெகுகாலம் சொன்னதில்லை, கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வெள்ளையடிக்கப் பிரஷ் வாங்க வந்தவர்கூட அவள் எதில் டாக்டர் பட்டம் வாங்கினாள் என்று தெரிந்துகொண்டுதான் போவார்.

முதல் ஒன்பது வருடம் அவளுக்கு வேலை மாநிலத்தின் வடகோடியில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பானூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் ரயிலேற்றி விடுவேன். வண்டி நகர்வதற்குள் மடியில் பரீட்சைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்திருப்பாள். நான் கையசைத்ததை அவள் பார்த்தாளா என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். பிறகு மாற்றல் கிடைத்து ஊரோடு வந்து சேர்ந்தாள்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வருடாவருடம் புது வகுப்புக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவர்கள் கை தூக்கச் சொல்லி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இவள் ஒரு முழு வகுப்பையே அதற்குக் கொடுப்பாள். என் கடையில் பெயிண்ட் டப்பா வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு எடுத்துப் போய் ரகசிய வாக்கெடுப்பு நடத்துவாள். எண்ணி முடித்ததும் முடிவை ஒரு தாளில் எழுதி, அதில் முதல் கையெழுத்தைத் தோற்றவரைப் போடச் சொல்வாள். ஜெயித்தவர் கையெழுத்தில் என்ன இருக்கிறது, தோற்றவர் போட்டால்தான் தேர்தல் முடிந்தது என்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டவர்களும் உண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன் கல்லூரி முதல்வர் பதவிக்கான பட்டியலில் அவள் பெயர் முதலில் நின்றது. அவளைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. பெயர்ப்பலகையில் மஞ்சள் எழுத்தா வெள்ளை எழுத்தா என்று கடைக்கு வரும் பெயிண்டர்களிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. தேர்தல் வேலைக்கு உத்தரவு வந்தால் பாதிப் பேருக்கு அந்த வாரம் முதுகுவலி வந்துவிடும், டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கூடவே வரும். இவளோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி போவாள். இந்த முறையும் ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலர்.

வாக்குப்பதிவு தொடங்குமுன், கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில் இயந்திரத்தில் ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் இயந்திரம் அச்சடித்துப் போடுகிற காகிதச் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். பிறகு பொத்தானை அழுத்தி அந்த ஐம்பதையும் இயந்திரத்திலிருந்து அழிக்க வேண்டும். உறைக்கு முத்திரை வைக்கும்போது ஓர் ஏஜெண்ட், அழிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார். கேட்டது யாரிடம்? முப்பது வருடமாக அதையே பாடம் நடத்துகிறவளிடம். நின்றபடியே ஒரு சின்ன விரிவுரை ஆற்றிவிட்டாள். அழிப்பது எவ்வளவு முக்கியம் என்று விளக்கிக்கொண்டே அழிக்க மறந்துவிட்டாள்.

ஒன்பது மணிவரை எத்தனை ஓட்டு விழுந்தது என்று மேலே தெரிவிக்கக் கணக்கெடுத்தபோது, பதிவேட்டில் இருந்ததைவிட இயந்திரத்தில் ஐம்பது அதிகம். நான்கு கட்சி ஏஜெண்டுகளும் கூடிப் பேசினார்கள். அந்த ஊரில் நாலு கட்சிக்காரர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டது அதுவே முதல்முறையாக இருக்கும். ஐம்பதும் எல்லோருக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் விழுந்திருக்கிறது, நாங்கள் யாரும் புகார் கொடுக்கமாட்டோம் என்றார்கள். "சாரமில்ல டீச்சரே", அதாவது பரவாயில்லை என்று, மலையாளத்தில் ஆறுதலும் சொன்னார்கள். இவள் ஒரு தாளை எடுத்து, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் என்னிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

"அவனுவளே சாரமில்லன்னுட்டானுவ. பின்ன உனக்கென்ன?"

"அவங்க நாலு பேரு சம்மதிச்சா போதுமா? வெளிய வெயில்ல வரிசையில நின்னவங்ககிட்ட யாரு கேட்டா?"

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவள் ரசம் ஊற்றினாள்.

எண்ணும் நாளில் அந்தச் சாவடி இயந்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, காகிதச் சீட்டுகளை எண்ணினார்கள். பதிவேட்டோடு ஒன்றுகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. ஆனாலும் அவளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, விசாரணை தொடங்கியது. விசாரணை முடியாதவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. அவளுக்கு ஆறு வருடம் இளையவர் ஒருவர் அதே கல்லூரிக்கு முதல்வராக வந்தார். கடையில் பெயர்ப்பலகை பற்றிக் கேட்டவர்களுக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடமும் பல நாள் சரியாகப் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

புது முதல்வருக்குக் கல்லூரியில் வரவேற்பு, குடும்பத்தோடு சத்யை விருந்து. நான் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டேன். நல்ல பாயசம் என்று சொல்லிக் கூட்டிப்போனாள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு வாழ்த்துப் புத்தகம் வைத்திருந்தார்கள். அவரவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் முதலில் போடுவது என்று எல்லோரும் தயங்கி, அவளைப் பார்க்காதமாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் நேரே போய்ப் பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதி, பரீட்சைத்தாளில் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டாள். பிறகு புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களும் ஒப்புப் போடுங்க. என்னைவிட உங்களுக்குத்தானே தோல்வி பெருசு."

போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, இத்தனை வருடமாகக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னதை முதன்முறையாக அவளிடமே சொன்னேன்.