நெல்லில் எழுதிய வேதாரண்யம்

என் அக்காவை, எங்கள் வழக்கத்தில் லாத்தாவை, வயதுக்கு வந்த வாரமே வாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். வாசலுக்கு வரக்கூடாது, சன்னலில் நிற்கக்கூடாது. மிச்சம் இருந்தது மொட்டைமாடி. நாகூருக்கு மேற்கே எங்கள் ஊரில் அப்போது அவித்த நெல்லை மாடியில் பரப்பித்தான் காயவைப்போம். அவ்வப்போது காலால் கிளறிவிட வேண்டும். சுற்றுச்சுவர் ஆள் உயரம் என்பதால் அந்த வேலையை மட்டும் அவளுக்கு விட்டிருந்தார்.

மற்றவர்கள் கிளறினால் நெல்லில் கோடு விழும். லாத்தா கிளறினால் எழுத்து விழும். கால் கட்டைவிரலால் எழுதுவாள். "இன்றைக்கு வேதாரண்யம் போனேன். உப்பளத்து வெயிலில் கண் கூசியது." நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

"நீ எப்ப போனே? பொய்யி."

"போனேன்டி. நீதான் கூட வரல."

அடுத்த முறை கிளறும்போது அந்த ஊர் அழிந்து வேறு ஊர் வரும்.

ஒருநாள் மழை கறுத்துக்கொண்டு வந்தது. லாத்தா நெல்லைக் குவிக்கவில்லை. அவளுக்கு எழுத இன்னும் ஒரு வரி இருந்தது. உம்மா கத்திக்கொண்டே மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் நனைந்துவிட்டது. மறுநாள் வீடு முழுக்கப் புளித்த வாடை.

வாப்பா அடிக்கவில்லை. "மழ வர்றது கூடத் தெரியாம அங்க என்ன வேல? இனிமே மாடியும் வேணாம். சின்னவ பாத்துக்கட்டும்," என்றார்.

அதனால் நெல் காயும் நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்றானது. எனக்குச் சந்தோஷம்தான். லாத்தா மாடிப்படியில், வெயில் விழும் படிக்கு ஒரு படி கீழே, உட்கார்ந்து சொல்வாள். நான் காலால் எழுதுவேன்.

"எடமே இல்ல லாத்தா."

"அழிச்சிட்டு எழுதுடி, வாலு."

பின்னாளில் பிழைப்புக்காக எங்கெங்கோ அலைந்தேன். வேதாரண்யம் உப்பளத்தில் கூலிக்கும் நின்றிருக்கிறேன். அவள் சொன்னது சரிதான், கண் கூசியது.

அந்த மாடி நாட்களில், நான் எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொல்வாள். படித்தால், "இன்னொரு தடவ," என்பாள். சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் பிழை விட்டேனா என்று சரிபார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு லாத்தா," என்று சொல்லிவிட்டு, அவள் போயிருந்த ஊரைக் காலால் அழித்தேன்.