மைக்கில் சொன்ன பொய்

போன ஞாயிற்றுக்கிழமை தங்கராஜ் மறுபடியும் வீட்டுக்கு வந்தார். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அதற்குச் செயலாளர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“ஸார், இன்னொரு ரஷ்யப் படம் கெடச்சிருக்கு. நீங்க வந்துதான் கதை சொல்லணும்.”

“முடியாது” என்றேன்.

“என்ன ஸார், கிராக்கி பண்ணுதிய?”

கிராக்கியா? எனக்கா? மைக் என்றால் கூப்பிடாமலே போகிற ஆசாமி நான்! வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். இருந்தாலும் மறுத்தேன். காரணத்தைத் தங்கராஜிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்... பெயர்களை மட்டும் மாற்றி.

ஆபீஸில் என் வேலை, ரஷ்ய விஞ்ஞானப் பத்திரிகைகளை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பது. இது எப்படியோ கேம்ப் வரை எட்டிவிட்டது. நாலு மாதத்துக்கு முன் சங்கத்துக்கு ஒரு ரஷ்யப் படம் இரவலாக வந்தது. அடியில் எழுத்து கிடையாது, இங்கிலீஷ் கிடையாது, வெறும் ரஷ்ய மொழி. ஆகவே ஞாயிறு மத்தியானம் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, திரைக்குப் பக்கத்தில் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்கள். படத்தில் ரஷ்ய மொழியில் பேசுவார்கள். நான் உடனுக்குடன் தமிழில் சொல்ல வேண்டும்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய யுத்தம். ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும். முற்றுகையில் மாட்டிய ஒரு கோட்டையிலிருந்து, எதிரிப் படைக்கு நடுவே ஒரு கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு இளம் குதிரை வீரன். மாறுவேஷம், கத்திச் சண்டை, எரிகிற பாலத்தின் மேல் குதிரைப் பாய்ச்சல் — ஹால் விசிலில் அதிர்ந்தது.

ஆரம்பத்திலிருந்தே நான் கொஞ்சம் கைவரிசை காட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயில் நுழையாத ரஷ்யப் பெயரை விட்டுவிட்டு ஹீரோவுக்கு ‘வேலு’ என்று பெயர் வைத்தேன். கூட்டத்தில் பாதி நம் திருநெல்வேலிச் சீமை முஸ்லிம்கள். எதற்கு வம்பு என்று ‘துருக்கியர்’ என்பதை ‘எதிரி’ ஆக்கினேன். சிடுமூஞ்சித் தளபதி ஒருவரை ‘மில் மேஸ்திரி’ என்றேன். மில் தொழிலாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தலைக்கு ஏறிவிட்டது.

இடைவேளையில் தங்கராஜ் என் காதோடு சொன்னார். “முன்னால நரைமீசையா உக்காந்திருக்காருல்லா, சுடலைமுத்து அண்ணாச்சி. தாராவியில தோல் பதனிடுற எடத்துல வேலை. மகன் பட்டாளத்துல இருந்தான். சீனாக்காரன் சண்டையில காணாமப் போயிட்டான். காணலைன்னு ஒரு தந்தி வந்ததோட சரி.”

அவர் பக்கத்தில் ஓர் இளம்பெண். மருமகளாம், பேச்சியம்மாள். இருபது, இருபத்தொன்று இருக்கும். படத்தைப் பார்த்தாளா, தரையைப் பார்த்தாளா என்று சொல்ல முடியவில்லை.

கடைசி ரீல். வேலு ஆற்றைக் கடக்கும்போது சுடுகிறார்கள். தண்ணீரில் விழுகிறான். கடிதம் மட்டும் தோழன் கையில் போய்ச் சேருகிறது. அடுத்த காட்சியில் ஒரு பனிக் கிராமம். தோழன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலுவின் அம்மாவுக்கும் மனைவிக்கும் முன்னால் நிற்கிறான். அம்மாவிடம், “உங்கள் மகன் இறந்துவிட்டான், தாயே. உடல் ஆற்றோடு போய்விட்டது” என்கிறான். மனைவி பக்கம் திரும்பி, “இனிக் காத்திருக்காதே” என்கிறான்.

இதைத்தான் நான் தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் சுடலைமுத்து அந்த நேரத்தில் திரையைப் பார்க்கவில்லை. பெஞ்சின் நுனிக்கு வந்து, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு நேராக ‘இறந்துவிட்டான்’ என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? எனக்குத் தைரியம் வரவில்லை.

“வேலு சாகவில்லை! எதிரியிடம் பிடிபட்டிருக்கிறான். சண்டை முடிந்ததும் விட்டுவிடுவார்கள், வீட்டுக்கு வருவான்!” என்றேன் மைக்கில்.

திரையில் இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு கதறினார்கள். “சந்தோஷத்தில் அழுகிறார்கள்” என்று அதையும் சரிக்கட்டினேன்.

கை தட்டல் ஓய நேரமாயிற்று. செம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில், ஒரு கிழவனுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று எனக்கு அத்தனை திருப்தி. வீட்டில் வந்து பெருமையாக வேறு சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, மாட்டுங்கா மார்க்கெட்டில் தங்கராஜைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார். “அண்ணாச்சி காரியத்த பந்த் பண்ணிட்டாரு ஸார்.”

“என்ன காரியம்? எதை நிறுத்தினார்?”

அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. பிடிபட்ட நம் ஆட்களைச் சீனாக்காரன் திருப்பி அனுப்பியபோது, அந்தப் பட்டியலில் மகன் பெயர் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டு, சுடலைமுத்துவே மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். உடம்பு இல்லாவிட்டாலும், மகனுடைய சட்டையை வைத்துக் கருமாதி செய்துவிடுவது. பிறகு பேச்சியம்மாளை அவள் அத்தை மகனுக்குக் கட்டி வைப்பது. டோம்பிவிலியில் இருக்கிறான், நல்ல பையன். அவர்கள் ஜனத்தில் அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது விதவை மறுமணம், உண்டு. ஆனால் முதலில் காரியம் நடக்க வேண்டும், தாலி இறங்க வேண்டும். அதற்கு முன்னால் எதுவும் நடக்காது. நாள்கூடக் குறித்தாகிவிட்டது — படம் போட்ட ஞாயிற்றுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை காலையிலேயே நிறுத்திவிட்டார்.

“இருநூறு வருசத்துக்கு முந்தின எதிரியே புடிச்ச ஆள விட்டிருக்கான், இவன் விடாமலா போவான்னு கேக்காரு ஸார். அந்தப் பையன் வீட்டுல பொறுக்கல. வேற எடத்துல பொண்ணு பாத்து, அவனுக்கு முடிச்சும் வச்சிட்டாவ.”

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தாராவிக்குப் போனேன்.

ஒரே அறை. தடுப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் அடுப்பு, அங்கே பேச்சியம்மாள். சுடலைமுத்து என்னை வரவேற்ற விதம் இருக்கிறதே... சொந்த மகனே வந்தமாதிரி. “ஏ பேச்சி, யாரு வந்திருக்காவ பாரு! ஸாருக்கு சாயா போடு.”

சாயா வருவதற்குள் சொல்லிவிட்டேன். வேலு செத்துப்போனான், நான் சொன்னது பொய், உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று.

அவர் தட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இவ சொல்லச் சொன்னாளா?”

“ஐயோ, இல்லை! அந்தப் பெண்ணோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.”

“பின்ன எதுக்கு ஸார் இத்தன நாள் கழிச்சு?” குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அன்னைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னால மைக்குல சொன்னிய. இன்னைக்கு என் வீட்டுக்குள்ள வந்து மெதுவாச் சொல்லுதிய. இதுல எது நெசம்?”

யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊருக்கு நடுவே உரக்கச் சொன்ன பொய்யைத் தனியாக வந்து முணுமுணுத்து அழிக்க முடியுமா? இதோ, பத்திரிகையில் எழுதுகிறேன். நல்ல காரியம்தான்... ஆனால் சுடலைமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினாலும், பேச்சி எழுதச் சொன்னாள் என்பார்.

அதற்குப் பிறகு அவர் மருமகளோடு சரியாகப் பேசுவதில்லை என்று கேள்வி. ‘என் மகன் சாக வேண்டும் என்று நினைக்கிறாள்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாராம். அதையும் நான்தான் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று சாயா குடிக்காமல் எழுந்தேன். சந்து முனைக் குழாயடியில் பின்னால் குரல் கேட்டது. பேச்சியம்மாள், இடுப்பில் குடம்.

“ஸார், ஒண்ணு கேக்கட்டா? படத்துல அவன் பொண்டாட்டி நின்னால்லா, மாமியா பக்கத்துல... அவகிட்ட அந்த ஆளு நெசமா என்ன சொன்னான்?”

இந்தத் தடவை உள்ளதை உள்ளபடியே சொன்னேன். “‘இனிக் காத்திருக்காதே’ என்று சொன்னான், அம்மா.”

அவள் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“அவளுக்கு ஒரு ஆளு நேர்ல வந்து சொல்லிட்டான். குடுத்து வச்சவ.”